சிவப்பு நூலும் கறுப்பு நூலும்

1

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. வண்டியும் நாங்களும் நிறுத்தின இடத்திலேயே நிற்கிறோம். ஓடுகிற நீங்கள் மூன்று பேரும், நீயும் மருமகளும் குட்டியும், உடம்புக்கு ஒன்றுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கையில் போன் இருக்க இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இந்த வண்டி வீட்டின் நீளம் இருபத்திரண்டு அடி. ஒரு கோடியில் நான் முணுமுணுத்தால் மறுகோடியில் உன் அப்பா "யாரு போன்ல?" என்பார். வெளியே போய்ப் பேசலாம் என்றால் இந்த ஏரிக்கரையில் கூரை ஏணியின் மூன்றாம் படியில்தான் சிக்னல் கிடைக்கிறது. ஏணியில் தொங்கிக்கொண்டு கத்திச் சொல்கிற விஷயமில்லை இது. அதனால் அளவு நோட்டில் தாள் கிழித்து எழுதுகிறேன். தண்ணீர் வண்டிக்காரர் வாரம் இரண்டு முறை வந்து டிரம்மை நிரப்புவார். தபாலை அவரே போட்டுவிடுவார். பதிலைக் கூட்டு ரோட்டுக் கடை முகவரிக்கு எழுது, அவரே வாங்கி வருவார்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாளாக வெயில் நன்றாக அடிக்கிறது. என் தையல் மிஷின் பகல் முழுக்க ஓடுகிறது. ஏரிக்கு அந்தப் பக்கக் குடியிருப்பிலிருந்து பெண்கள் துணி கொண்டுவருகிறார்கள். "கரண்ட் கம்பமே இல்லாத இடத்துல உங்க மிஷின் எப்படிம்மா ஓடுது?" என்று ஒருத்தி கேட்டாள். உன் அப்பாவுக்கு அது போதாதா? கூரையில் இருக்கிற நாலு சோலார் பேனல், என் கட்டிலுக்கு அடியில் இருக்கிற நாலு பேட்டரி, அலமாரிக்குக் கீழே இருக்கிற இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டிவிட்டுத்தான் அவளை விட்டார். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், வெயில் எப்படிக் கரண்டாகிறது என்று படித்துவிட்டுப் போனாள். அளவை மறந்துவிட்டாள்.

நாற்பது வருஷம் அடுத்தவர் வீட்டில் விளக்கு எரியவைத்த மனுஷன், இனி எந்தக் கம்பத்தின் தயவும் வேண்டாம் என்று இந்தப் பழைய பஸ்ஸை வாங்கி வீடாக்கினார். ஒன்றே ஒன்றில்தான் எனக்கு அப்போதே மனசு ஒப்பவில்லை. மொத்த வண்டிக்கும் ஒரே கறுப்பு ஒயர். ஏதோ வேலையில் மிஞ்சின பெரிய சுருள். பிளஸ்ஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு என்பது எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி எனக்கே தெரியும். கேட்டதற்கு, "நான் இருக்கும்போது கலர் எதுக்கு?" என்றார். ஒரு துண்டுச் சீட்டுகூட எங்கேயும் ஒட்டவில்லை. எந்த ஒயர் எங்கே போகிறது என்பதெல்லாம் அவர் தலைக்குள்தான் இருக்கிறது.

இப்போது அந்தத் தலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மாதம் ஒருமுறை பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி, முனையில் பூத்திருக்கிற உப்பைச் சுரண்டி, வேசலின் தடவுவார். அதற்கு இன்வெர்ட்டருக்குப் போகிற இரண்டு தடித்த ஒயரையும் கழற்றவேண்டும். போன மாதம் கழற்றி வைத்தார், வேலையை முடித்தார், மாட்டப் போனவர் ஒரு ஒயரைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "இது எங்க போகுது?" என்றார். தையற்காரியிடம் கேட்கிறார். நான் கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அப்புறம் அலமாரிக்குக் கீழே கையை விட்டு, இன்வெர்ட்டரிலிருந்து அந்த ஒயரைத் தடவிக்கொண்டே முனைவரை வந்து, மறுபடியும் ஒருமுறை தடவிக்கொண்டே வந்து, அரை மணி நேரம் கழித்து மாட்டினார். சரியாகத்தான் மாட்டினார்.

காலையில் எழுந்ததும் சுவரிலிருக்கிற சின்னப் பெட்டியில் பேட்டரி நம்பரைப் பார்த்து, "இன்னிக்கு மிஷின் ஓட்டு", "இன்னிக்கு ஃபேன் மட்டும்" என்று தீர்ப்புச் சொல்வார் அல்லவா? இப்போது நம்பரைப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்கிறார். நானே "மிஷின் ஓட்டட்டுங்களா?" என்று கேட்டு அவர் வாயில் பதிலை வைக்கிறேன். நேற்று டார்ச்சைத் தேடினார். டார்ச் அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது.

வயசானால் எல்லோருக்கும் வருகிற மறதி என்று நீ சொல்வாய். இருக்கலாம். நீ ஒரு நடை வந்து பார்த்துவிட்டுச் சொன்னால் எனக்குத் தூக்கம் வரும்.

உனக்கும் அவருக்கும் இருக்கிற மனத்தாங்கல் எனக்கு மறக்கவில்லை. மூன்று வருஷம் அவரோடு வேலைக்குப் போனாய். ஒருநாள் ஸ்விட்ச் பெட்டியைத் தலைகீழாக மாட்டிவிட்டாய். அந்த வீட்டுக் குடும்பமே பார்த்துக்கொண்டிருக்க, "இந்தக் கையில டெஸ்டரைக் கொடுத்ததுக்குக் கரண்டியைக் கொடுத்திருக்கலாம்" என்று திட்டினார். மறுநாளே நீ விலகிவிட்டாய். இனி இவர் வாயால் ஒரு திட்டு வாங்கமாட்டேன் என்று என் தலையில் அடித்து என்னிடம் சொன்னாய். பதினொரு வருஷம் அதைக் காப்பாற்றியும் விட்டாய். நான் குறை சொல்லவில்லை. வா, வந்து பார், அவ்வளவுதான்.

குட்டிக்கு அளவு எழுதி அனுப்பு. இரண்டு கவுன் தைத்து வைக்கிறேன்.

உன் அம்மா.

2

அன்பு மகனுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. வேலைக்கு நடுவில் அவ்வளவு தூரம் வந்து ஒன்றரை நாள் இருந்தாயே, அதுவே பெரிது. கட்டிலை உனக்குக் கொடுத்ததில் முதுகு வலித்திருக்கும். பேட்டரி மேல் படுத்தால் முதல் இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும், பிறகு பழகிவிடும்.

போகும்போது கூட்டு ரோட்டில் நின்று, "அம்மா, அப்பா நல்லாத்தானே இருக்கார். நீதான் சும்மா பயந்துக்கிறே" என்றாய். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

நீ இருந்த ஒன்றரை நாளும் அவர் கடிகாரம் மாதிரிதான் இருந்தார். காலையில் நம்பரைச் சத்தமாகப் படித்தார். கூரைமேல் ஏறிப் பேனல் துடைத்தார். பழைய கதையெல்லாம் தேதியோடு சொன்னார். நீ போன அன்று மத்தியானம் படுத்தவர் மறுநாள் காலைதான் எழுந்தார். எழுந்து, "அவன் எப்ப வரேன்னு சொன்னான்?" என்று கேட்டார். வந்துவிட்டுப் போனான் என்றேன். "ஆமா, ஆமா" என்றார். தெரிந்து சொன்னாரா, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா, எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்று கவனித்தாயா? டீ போடும்போது நீ ஃபேன் பிளக்கை வேறு சாக்கெட்டில் சொருகினாய். பழைய ஆளாக இருந்தால் அதற்கு ஒரு மணி நேரம் திட்டியிருப்பார். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அப்பா மாறிவிட்டார் என்று உனக்குச் சந்தோஷம். எனக்குப் பயம். தப்பு எது என்று தெரிந்தால்தானே திட்டமுடியும்?

டாக்டரிடம் போகலாம் என்று ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "எதுக்கு, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று பதறினார். அதற்குமேல் நான் எப்படிச் சொல்வேன்? அந்த வாசலுக்குப் போவதற்கு முன்னாலேயே மனுஷன் விழுந்துவிடுவார் என்று பயமாக இருக்கிறது. அவருக்கும் உள்ளுக்குள் தெரிகிறது. நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து, எங்கே எந்த ஒயர் என்று விரல் விட்டுச் சொல்லிப் பார்க்கிறார். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி. பாதியில் விட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்.

ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். சிரிக்காதே. அடுத்த வாரம் பேட்டரி சுத்தம் செய்கிற நாள். ஒயர்களைக் கழற்றி வைத்துவிட்டு, பின் டிக்கியிலிருந்து பேட்டரித் தண்ணீர்க் கேனை எடுக்கப் போவார். ஐந்து நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் பிளஸ் ஒயரில் சிவப்பு நூலும் மைனஸ் ஒயரில் கறுப்பு நூலும் கட்டிவிடப் போகிறேன். எது எது என்று எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? கழற்றினால் பிளஸ்ஸை வலது பக்கம், மைனஸை இடது பக்கம் வைப்பார். நாற்பது வருஷப் பழக்கம். அவர் பெயர் அவருக்கு மறந்தாலும் அது மறக்காது. எத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்று பார்க்கிறேன்!

நூல் கட்டினது நான் என்று சொல்லப் போவதில்லை. கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். உன் தகப்பனார் ஒரு கறுப்புச் சுருளால் செய்த குழப்பத்தை உன் அம்மா இரண்டு முழம் நூலால் சரிசெய்யப் போகிறாள். நாற்பது வருஷத்தில் மின்சாரத்துக்கு நான் செய்கிற முதல் வேலை.

கவுன் இரண்டும் தயார். ஒன்றுக்குப் பாக்கெட் வைத்திருக்கிறேன்.

உன் அம்மா.

3

அன்பு மகனுக்கு,

இந்தக் கடிதத்தை நாலு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவதை அனுப்பிவிடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. இன்வெர்ட்டர் எரிந்துவிட்டது.

அன்று காலை அவருக்கு முட்டிவலி. வழக்கமாகக் கதவுப் பக்கம் தரையில் உட்கார்ந்து கட்டிலுக்கு அடியில் குனிவார். அன்று குனியமுடியவில்லை. "அந்தப் பக்கமா உட்கார்ந்துக்கோங்க" என்று ஜன்னல் பக்கம் ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தவளே நான்தான். ஒயரைக் கழற்றி விரிப்பில் வைத்தார், கேன் எடுக்க எழுந்து போனார். நான் எப்போதும் நிற்கிற கதவுப் பக்கம் நின்று, வலது கைப்பக்கம் இருந்ததில் சிவப்பு நூலும் இடது கைப்பக்கம் இருந்ததில் கறுப்பு நூலும் கட்டினேன். அவிழாத தையல் முடிச்சு. கட்டிவிட்டுப் போய் நல்ல பிள்ளையாகப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தேன்.

வந்தார், நூலைப் பார்த்தார். அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "பாத்தியா, எப்பவோ நானே குறிச்சு வெச்சிருக்கேன். எனக்கா மறதி?" என்றார். மறதி என்கிற வார்த்தையை அவர் வாயால் அன்றுதான் முதல்முறை கேட்டேன். பயத்தை இத்தனை நாள் அவரும் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. "நீங்க எப்பவும் அப்படித்தானே" என்றேன்.

போன முறை மாதிரி ஒயரைத் தடவிப் பார்க்கவில்லை. குறித்துத்தான் இருக்கிறதே என்று சிவப்பு நூலைப் பிளஸ்ஸிலும் கறுப்பு நூலை மைனஸிலும் மாட்டினார். டப்பென்று ஒரு சத்தம். அலமாரிக்குக் கீழேயிருந்து புகை, கருகின வாடை. ஒயரை உடனே பிடுங்கிவிட்டார், வேறொன்றும் எரியவில்லை. கைக்கும் ஒன்றுமில்லை.

மூன்று நாள் கழித்து அதே ஸ்டூலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பக்கம் உட்கார்ந்தால் அவருடைய வலது, கதவுப் பக்கம் நிற்கிற எனக்கு இடது. அவர் பழக்கம் மாறாமல் பிளஸ்ஸைத் தன் வலது பக்கம்தான் வைத்திருக்கிறார். அன்று அவர் எதையும் மறக்கவில்லை கண்ணு. நூல் மட்டும் இல்லாமலிருந்தால் அரை மணி நேரம் ஆனாலும் தடவிப் பார்த்துச் சரியாக மாட்டியிருப்பார். தப்பு முழுக்க என்னுடையது.

ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா? அந்த நூலை விரலால் உருட்டிப் பார்த்தார். "நானே கட்டியிருக்கேன். தப்பாக் கட்டியிருக்கேன். கட்டினது ஞாபகமே இல்லை" என்றார்.

அன்றிலிருந்து ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடுவதில்லை. டெஸ்டரையும் கட்டிங் பிளேயரையும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டு, பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் கடைசிக்குத் தள்ளிவிட்டார். ஃபிரிட்ஜ் இல்லை, மிஷின் இல்லை, ஃபேன் இல்லை. கூரைமேல் வெயில் கொட்டுகிறது, கட்டிலுக்கு அடியில் பேட்டரி நிரம்பி வழிகிறது, நடுவில் நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருக்கிறோம். அதெல்லாம் போகட்டும். கையால் சக்கரத்தைச் சுற்றி நான் தைத்துக்கொள்வேன்.

தண்ணீர் வண்டிக்காரர் முந்தாநாள் வந்தார். அவர் வண்டியில் ஒரு பக்க விளக்கு எரியவில்லை. "ஐயா, கொஞ்சம் பாருங்களேன்" என்று கேட்டார். உன் அப்பா எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்றார். வண்டிக்காரர் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது எதைச் செய்தாலும் என்னைக் கேட்கிறார். அடுப்பை அணைச்சேனா, கதவைச் சாத்தினேனா, மாத்திரை போட்டேனா. போட்ட மாத்திரையைப் போட்டேன் என்று நம்ப அவருக்குத் தைரியமில்லை. மறதி கொஞ்சமாக இருந்தது. இந்தப் பயம் முழுசாக இருக்கிறது. இதை நான் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்லித் தொலைப்பதுதானே என்று கேட்பாய். சொன்னேன். புரிந்தபிறகு இரண்டு நாள் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் திரிந்துவிட்டு, மூன்றாம் நாள் பக்கத்தில் உட்கார்ந்து, நூல் கட்டினது நான்தான், ஸ்டூலால் வலது இடது மாறிப்போச்சு, நீங்கள் எதையும் மறக்கவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். நூலையும் காட்டினேன், முடிச்சையும் காட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாப்பது வருஷத்துல ஒரு ஃப்யூஸ் போட்டிருப்பியா நீ? உன் டப்பாவுலேர்ந்து நூலை நான்தான் எடுத்திருப்பேன். எனக்காகப் பொய் சொல்லாதம்மா" என்றார். பெற்ற பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னை அவர் அம்மா என்று கூப்பிட்டதில்லை.

இன்னொரு முறை சொன்னால் என் அன்பு இன்னும் கொஞ்சம் அதிகமாகத் தெரியும், அவ்வளவுதான். என் உண்மைக்கு இந்த வண்டிக்குள் மதிப்பில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. இருக்கிற ஒரே வழி உன் கையில் இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு வெட்கமாகவும் இருக்கிறது.

நீ வா. வந்து, அந்த நூலைக் கட்டினது நீ என்று சொல்.

நீ வந்திருந்தபோது பேட்டரிக்கு மேல்தான் படுத்திருந்தாய். அப்பாவுக்கு உதவியாக இருக்கட்டும் என்று யாரும் பார்க்காதபோது கட்டினேன், மாற்றிக் கட்டிவிட்டேன் போலிருக்கிறது என்று சொல். ஒயர் அப்போது மாட்டித்தானே இருந்தது, எப்படி மாறும் என்று அவர் கேட்டால் விழி. உனக்குப் பதில் தெரியாததே சாட்சி. என்னை நம்பாதவர் உன்னை நம்புவார். ஸ்விட்ச் பெட்டியைத் தலைகீழாக மாட்டின கை, நூலையும் மாற்றித்தான் கட்டும் என்று பதினொரு வருஷமாக அவருக்குத் தெரியும். அந்த ஒரு ஞாபகம் அவருக்கு இன்னும் பத்திரமாக இருக்கிறது. போன வாரம்கூட அந்தக் கதையை, அந்த வீட்டு வாசல் கதவின் நிறம்வரை சொன்னார்.

கேட்டவுடன் எழுந்து நிற்பார். விரலை நீட்டுவார். டெஸ்டர், கரண்டி எல்லாம் வரும், வார்த்தை மாறாமல் வரும். தண்ணீர் வண்டிக்காரர் இருந்தால் அவர் எதிரிலேயே வரும். மருமகள் எதிரில் வேண்டாம் என்றால் நீ மட்டும் வா. தலையைக் குனிந்துகொண்டு நில். பதில் பேசாதே. திட்டி முடித்ததும் கட்டிலுக்கு அடியில் இருக்கிற பெட்டியை இழுப்பார் என்று நினைக்கிறேன். இழுக்காவிட்டாலும், அந்தத் தப்பு தன்னுடையதில்லை என்றாவது படுப்பார்.

இதனால் மறதி போய்விடும் என்று நான் ஏமாறவில்லை. டாக்டரிடம் போகத்தான் போகிறோம், நீ வந்தபிறகு மூன்று பேருமாகப் போகலாம். டாக்டர் சொல்கிற எதையும் தாங்கிக்கொள்கிறேன். ஆனால் செய்யாத தப்பைச் சுமந்துகொண்டு உன் அப்பா அந்த வாசலுக்குப் போகக்கூடாது.

நீ என் தலையில் அடித்துச் சொன்னாய். அந்தத் தலையால்தான் கேட்கிறேன். வராவிட்டாலும் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று எழுதி முடிக்கப் பார்த்தேன். முதல் நாலு கடிதத்தையும் அதற்காகத்தான் கிழித்தேன்.

நீ நூறு வருஷம் நன்றாக இரு. ஒருத்தர் வாயாலும் ஒரு சொல் வாங்காமல் தலை நிமிர்ந்து இரு. இந்த ஒருமுறை தவிர, என் ராஜா.

உன் அம்மா.